இசாபெக் முத்திரை வைத்த கம்ப்யூட்டர்

சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நள்ளிரவு, நாய் ஊளை, கல்லறை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது. நாரின் என்ற மலையூரில், எங்கள் ஆசிரியர் கல்லூரியின் இரண்டாம் மாடியில்.

என் பெயர் எமில். கல்லூரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என்னைக் கேட்டால், வைரஸ் கம்ப்யூட்டருக்கு உள்ளே இல்லை, எதிரே நாற்காலியில் இருக்கிறது. கண்ட பென்டிரைவைச் செருகுவார்கள். பரிசு விழுந்திருக்கிறது என்று திரையில் வந்தால் உடனே அமுக்குவார்கள். பிறகு என்னிடம் வந்து, "நான் எதையுமே தொடலியே" என்பார்கள், பச்சைக் குழந்தை மாதிரி.

அந்த ஜனவரி மத்தியானம் சல்தனத் வந்து நின்றாள். தாவரவியல் துறை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்தாள். ஒன்பது வருடம் மலை மலையாக ஏறி மேய்ச்சல் புற்களை ஆராய்ந்தவள்.

"எமில் அண்ணே, என் ஆராய்ச்சி ஆய்வகத்துல இருக்கிற அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல இருக்கு."

"வேற எங்க காப்பி வச்சிருக்க?"

"அதுல மட்டும்தான்..."

"பிரமாதம்! புல்லையே பாத்துப் பாத்து, புல்லு திங்கிறது மாதிரியே ஆயிட்டியா?"

அவள் கோபப்படவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நாளைக்குக் காலையில தலைநகர்ல, பிஷ்கெக்ல, பட்டம் குடுக்கிற குழு முன்னாடி வைக்கணும். மூணு மணி வேன விட்டா அவ்வளவுதான். கெடு முடிஞ்சிடும். ஒன்பது வருஷமும் போச்சு. பென்டிரைவ்ல வைரஸ் இருந்தா அவங்க கம்ப்யூட்டர் மொத்தத்தையும் துடைச்சிடுமாம். சுத்தம் பண்ணித் தாங்கண்ணே."

"இவ்வளவு நாள் என்ன பண்ணின?"

"நான் லீவுல போகும்போதே அது ஃபைலைத் திறக்க மாட்டேன்னுச்சு. இசாபெக் அண்ணன், நான் பாத்துக்கிறேன், நீ போய் நல்லபடியா பெத்துட்டு வான்னாரு. அதுக்குள்ள..."

அதற்குள் இசாபெக் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்டோபரில், பூம் கணவாயில், அவர் போன வேன் சறுக்கி சூ ஆற்றில் விழுந்தது.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆய்வகக் காப்பாளர். ஆண்டிவைரஸ்தான் அவருக்கு மதம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக வந்து அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியில் முழுச் சோதனை ஓட்டுவார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டு, திரையில் ஓடும் ஃபைல் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். நோயாளிக்குக் காவல் இருப்பது மாதிரி. வைரஸ் கிடைத்தால் அந்த ஆண்டிவைரஸ் பன்றி போலக் கத்தும். யார் வைத்த சத்தமோ! "கல்லூரியில பன்னியா?" என்று பதறி, ஸ்பீக்கர் வயரையே வெட்டியெறிந்தார். நான் அவர் முகத்துக்கு நேராகவே சிரித்திருக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொறுப்பாளி உண்டு. பெட்டியின் மூடியில் காகித முத்திரை ஒட்டி அவர் கையெழுத்துப் போடுவார். முத்திரை கிழிந்து உள்ளே ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள். இசாபெக் போனபின் அந்தப் பொறுப்பை ஏற்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் கம்ப்யூட்டர் செத்தவர் பொறுப்பிலேயே இருந்தது. இந்த லட்சணம் வேறெங்கும் நடக்காது.

"கீழே போய் வேனைப் பிடிச்சு வை" என்று சல்தனத்தை அனுப்பினேன். ஆய்வகத்தைத் திறந்தேன். முத்திரை அப்படியே இருந்தது. அவள் பென்டிரைவைச் செருகிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

உடனே திரை வந்துவிட்டது.

அதுவே தப்பு. அந்தப் பெட்டி கண் விழிப்பதற்குள் ஒரு டீ குடித்து முடிக்கலாம். உள்ளே டிஸ்க் கடகடவென்று உரல் மாதிரி அரைக்கும். அன்று சத்தமே இல்லை. குளிரில் ஏதோ ஒழுங்காகிவிட்டது என்று நினைத்தேன்.

நான் தொடுவதற்கு முன்பே ஆண்டிவைரஸ் ஓடத் தொடங்கியது. ஓரத்தில் எழுதியிருந்தது: கடைசியாகப் புதுப்பித்த நாள், இன்று.

அந்தப் பெட்டிக்கு இணையமே கிடையாது.

"கடிகாரமும் கெட்டுப்போச்சா..." என்று முணுமுணுத்தேன்.

முதல் வைரஸ் அகப்பட்டது. சின்னக் கட்டம் வந்தது. குணப்படுத்தவா, அழிக்கவா, விட்டுவிடவா? அடுத்தது. அதற்கடுத்தது. நூற்றுக்கணக்கில் வரும் போலிருந்தது. ஒவ்வொன்றாகப் படிக்க நான் என்ன இசாபெக்கா? எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடலாம் என்று மவுஸ் அம்பை 'அழி' மேல் கொண்டுபோனேன்.

அம்பு நகர்ந்தது. 'குணப்படுத்து' மேல் போய் நின்றது.

மவுஸ் கோளாறு. மறுபடி இழுத்தேன்.

மறுபடியும் நகர்ந்தது. மெதுவாக... வயதானவர் கை மாதிரி.

அப்போதுதான் கட்டத்தில் இருந்த பெயரைப் படித்தேன். சல்தனத்தின் ஆய்வு. நான் அமுக்கியிருந்தால் ஒன்பது வருடமும் ஒரு நொடியில் போயிருக்கும்.

கை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். ஆய்வகத்தில் வெந்நீர்க் குழாய் உறைந்து, வாயில் புகை வரும் குளிர். அதில் வியர்வையா?

மவுஸைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் தண்ணீர். நுணுக்கமான கறுப்பு மணல்.

கீழே வேன் ஹாரன். ஜன்னல் வழியாக டிரைவர் பொலோத்தின் குரல்.

"என்னம்மா, பட்டம் இன்னும் வேகலியா? இறக்கி வச்சிட்டு ஏறு! பேசஞ்சர்லாம் திட்றாங்க!"

"அஞ்சே நிமிஷம் அண்ணே! கையெடுத்துக் கும்பிடுறேன்!"

திரையில் 'குணப்படுத்து' தானாகவே அமுங்கி, எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை ஊர்ந்தது. பாதி. பாதிக்கு மேல்...

களக்.

பெட்டிக்கு உள்ளிருந்து வந்தது.

களக்... களக்...

ஸ்பீக்கர் இல்லாத பெட்டி. பாட்டிலில் தண்ணீர் புகுவது போன்ற சத்தம். பிறகு யாரோ மூச்சு இழுத்தார்கள்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

நான் திரும்பவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடலாம். பிடுங்கினால் பாதி குணமான ஃபைல் செத்துவிடும். கீழே அந்தப் பெண் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள்.



"இசாபெக் அண்ணே..." என்றேன். உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் அவரை அண்ணே என்று அழைத்ததில்லை. "அந்தப் பொண்ணோடதை மட்டும் குடுத்துடுங்க. நான் எதையும் அழிக்கல."

சத்தம் நின்றது.

பட்டை நிரம்பியது. அம்பு தானாகப் போனது. ஃபைலைப் பிடித்தது. பென்டிரைவில் போட்டது.

திரை அணைந்தது.

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். படியில் சல்தனத் எதிரே வந்தாள். பென்டிரைவை நீட்டினேன்.

"என்னண்ணே, இப்படி ஈரமா இருக்கு?"

"பனி. துடைச்சிட்டுக் கிளம்பு."

குழுவின் கம்ப்யூட்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஃபைல் ஒரு பக்கம் பிசகாமல் திறந்தது. சல்தனத் ஜெயித்துவிட்டாள். நான் அதற்குப்பின் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

மே மாதம் பழைய சாமான்களைக் கழிக்கும் குழு வந்து பெட்டியை எடுத்தது. வெளியே தாழ்வாரத்தில் வைத்து முத்திரையைக் கிழித்தார்கள். உள்ளே, ஃபைலெல்லாம் இருக்கும் டிஸ்க் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் தூசி மட்டும். கல்லூரிக் கிடங்குக்காரன்தான் பின்பக்கமாக உருவி விற்றுவிட்டான் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். அந்த மாதிரி ஆளின் சத்தியத்துக்கு நான் காசு கொடுப்பதில்லை.

ஜூனில் சல்தனத் தன் ஆய்வை அழகாக பைண்டு செய்து ஒரு பிரதி கொடுத்தாள். இசாபெக் அண்ணன் வீட்டில் சேர்க்கச் சொன்னாள். அவர் மனைவி குல்சாரா அக்கா டீ ஊற்றிக் கொடுத்தார். புத்தகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தார்.

"இது உங்க காலேஜோடது தம்பி. எடுத்துட்டுப் போங்க. அவரு கெளம்பின அன்னைக்கு இதைக் கழட்டிக் கோட்டுப் பையில வச்சுக்கிட்டாரு. மூடிய மாட்டி மறுபடி முத்திரையும் வச்சிட்டுத்தான் வந்தேன்னாரு. சல்தனத்தோட வேலை இதுல மாட்டிக்கிச்சு, பிஷ்கெக்ல எடுத்துட்டு வரேன்னு போனாரு. ஆள் அப்பவே கெடச்சிட்டாரு. கோட்டு மட்டும் ஆத்துக்கு அடியிலயே இருந்திருக்கு. தண்ணி வடிஞ்சு, ஏப்ரல்லதான் எடுத்துக் குடுத்தாங்க."

முடிச்சை அவிழ்த்தேன்.

டிஸ்க். கல்லூரி எண் பாதி அழிந்து தெரிந்தது. நடுவில் நசுங்கிப் பிளந்திருந்தது. குலுக்கினேன். கறுப்பு மணல் மேசையில் கொட்டியது.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஆற்றுக்கு அடியில்.

அக்கா புத்தகத்தையும் டிஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இப்படிக் கெடந்திருக்கு... அப்ப அந்தப் பொண்ணுக்கு இதை எடுத்துக் குடுத்தது யாரு தம்பி?"