தௌசீப்புக்கு நான் செய்த உதவி

ஆம்பூர் பைபாஸில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு எதிரே தௌசீப் அகமது ஷெட் போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். கார் வேலை படித்ததெல்லாம் செல்போனில். அதிர்ந்து பேச மாட்டான். அவன் வாசலில் எப்போதும் நாலு வண்டி நிற்கும். அதைப் பார்த்தால் எனக்கு டீ இறங்காது. பொறாமைதான், வேறென்ன.

எனக்கு மிச்சமிருந்த பெரிய வாடிக்கை தோல் மண்டி முனீர் பாய். அவர் போனால் மண்டி வண்டிகள் அத்தனையும் போய்விடும். அவருடைய பதினைந்து வருடப் பழைய கார் ஓடும்போதே நின்றுவிடும்; சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். ஸ்கேனர் இரண்டு கோளாறு எண்களைக் காட்டியது. ஒன்று இன்ஜின் சூட்டைப் பார்க்கும் சென்சாருக்கு, இன்னொன்று இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாருக்கு. எண் எதைச் சொல்கிறதோ அந்தப் பார்ட்டை மாற்றுவதுதான் என் வழக்கம். கிராங்க் சென்சாரை இரண்டு தடவை மாற்றினேன். மறுபடியும் நின்றது.

"பேஜாரா இருக்கு மூர்த்தி. தௌசீப்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வர்றேன்" என்றார் பாய்.

வயிறு எரிந்தது. "தாராளமா காட்டுங்க பாய்" என்று சொல்லிவிட்டு, ஏதோ பார்ப்பதுபோல வண்டியில் ஏறி ஸ்கேனரை மாட்டி, வண்டியில் பதிவாகியிருந்த இரண்டு எண்களையும் அழித்தேன். ஒன்றும் கிடைக்காமல் அவன் முழிக்கட்டும் என்றுதான்.

இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். தௌசீப் ஸ்கேனரை மாட்டினான். பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, கிராங்க் சென்சார் வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் இன்ஜின் பட்டென்று நின்றது.

சாயங்காலம் பாயைக் கூட்டிக்கொண்டு என் ஷெட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, நம்பரெல்லாம் நீங்க அழிச்சி அனுப்புனது ஸ்கேனர் மாட்டுனதுமே தெரிஞ்சிது, நல்லதாப் போச்சி. சூட்டு சென்சார் நம்பர் உடனே திரும்பி வந்துது, அது நிரந்தரக் கோளாறு, மாத்திட்டேன். நீங்க ரெண்டுவாட்டி மாத்துனதா பாய் சொன்ன கிராங்க் சென்சார் நம்பர் வரவேயில்ல. அப்ப அது விட்டு விட்டு வர்றது, வயர்லதான் இருக்கும்னு தெரிஞ்சிபோச்சி. பிராக்கெட்ல ஒரசித் தேஞ்சிருந்துது. பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க."

பாய் என் தோளைத் தட்டினார். "இத்த நீ சொல்லவேயில்லியே மூர்த்தி. மண்டி வண்டிங்க எப்பவும் போல உன்கிட்டயே இருக்கட்டும்."

தௌசீப் முகத்தைப் பார்த்தேன். நான் எதற்காக அழித்தேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அப்படிச் சொன்னான்.

வாடிக்கை என்னிடமே தங்கிவிட்டது. அவன்மேல் எனக்கு நன்றியாவது வந்திருக்க வேண்டும். கைவேலைதான் அவனிடம் ஜாஸ்தி என்று இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தேன். இப்போது அவன் மனசுக்கும் சேர்த்து எரிகிறது.