வழியில் ஒரு புளியமரம்

சித்தன்னவாசல் பக்கம் சுற்றியதை வைத்து நான் எழுதிய பயணப் புத்தகத்துக்கு மறுபதிப்பு வருகிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பதிப்பகத்துத் தம்பி போனில் பேசியதிலிருந்து எனக்கு அலுப்பாக இருக்கிறது.

"மேடம், அன்னவாசல் பஸ்ல ஏறி, ரோட்டுல இறங்கி, மலை வரைக்கும் நடக்குறதையே இத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க. இப்ப யாருங்க நடக்குறா? பார்க்கிங் எங்க, சாப்பாடு எங்க, போட்டோ எங்க எடுக்கலாம், அது போதுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று என்னைப் படித்தவர்களில் பலர் வீட்டைவிட்டு நகராதவர்கள். படிப்பதுதான் அவர்களுக்குப் பயணம். இன்றைய வாசகர்கள் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்னைத் தேடுகிறார்கள். மதியத்துக்குள் மலையை முடித்துவிட்டு, சாயங்காலக் காபிக்குத் திருச்சி போய்விட வேண்டும். நான் நடந்த கதை அவர்களுக்கு எதற்கு?

ஆனால் அந்தப் பக்கங்களில்தான் என் கணவர் இருக்கிறார். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு வாயே திறக்காது. அவர்தான் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம், "எந்த ஊருங்க, எங்கிட்டுப் போறீங்க?" என்று ஆரம்பிப்பார். ஆலங்குடிக்காரர் ஒருவர் அவித்த கடலையையும் தன் குடும்பக் கதை முழுவதையும் எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். மலைக்குப் போகும் வழியில் ஒரு புளியமரம் உண்டு. அதன் நிழலில் இளைப்பாற உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திப் பேசுவார். புத்தகத்தில் வரும் பேச்செல்லாம் அவர் கேட்டு வாங்கியது. நான் எழுதினேன், அவ்வளவுதான். போன வருஷம் அவர் போய்விட்டார்.

புத்தகத்தைத் திருத்துவதற்காகப் போன வாரம் வாடகைக் காரில் போனேன். ஏசிக்காகக் கண்ணாடி ஏற்றியிருந்தது. டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மேப் மட்டும் விடாமல் பேசிக்கொண்டு வந்தது. புளியமரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஓவியத்தைப் பார்த்தேன், சமணர் படுக்கையைப் பார்த்தேன், திரும்பிவிட்டேன். எழுத ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

பிறகு நாங்கள் நடந்து போன அந்தப் பக்கங்களை எல்லாம் நானே அடித்துவிட்டு, ஒரே ஒரு வரி சேர்த்தேன்: மலைக்குப் போகும் வழியில் ஒரு புளியமரம் இருக்கிறது, காரை நிறுத்தி இறங்குங்கள்.

தம்பி உடனே கூப்பிட்டார். "அங்க அப்படி என்ன இருக்கு மேடம்?"

"போட்டோ நல்லா வரும்ங்க."

வரி தப்பித்தது. அந்த மரத்தடியில் நாங்கள் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை.