இடப்பக்கம் திரும்பினால் எரியும் விளக்கு

எச்சரிக்கை விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டால் ஆபத்தும் கழன்றுவிடும் என்று நம்புகிற மனிதர்களோடு நான் காலமெல்லாம் உறவு கொண்டாடியிருக்கிறேன். ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் இந்த வயதிலும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

எழுபதுகளின் முற்பகுதி. வெளிநாட்டுச் சாமான் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்த காலம். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு களஞ்சியப் பகுதிக்குப் பிரதம இலிகிதர், அதாவது தலைமை எழுத்தர். வீடு உவர்மலையில். எங்களிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. அதன் எஞ்சின் ஒருமுறை இறுகிப்போனால் மாற்றுவதற்கு நாட்டில் எதுவும் கிடையாது; பிறகு காரைக் கோழிக்கூடாகத்தான் வைத்திருக்கலாம்.

அந்தக் காரில்தான் என் மனைவியைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவளுடைய வலது கண் மங்கிக்கொண்டே வந்தது. சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தந்திருந்தார்கள். அது தவறினால் அடுத்த முறை எப்போது வருமென்று சொல்ல ஏலாது என்றார் டொக்டர். அதற்குள் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். சிகிச்சைக்குப் பிறகு தலை குலுங்கக் கூடாது, படுக்கவைத்து மெதுவாகக் கொண்டுபோக வேண்டும் என்பதும் அவருடைய கட்டளை. அதனால் பஸ் சரிவராது. ஊரில் வாடகைக்கு ஓடிய கார்களைப் போய்ப் பார்த்தேன். அவற்றில் எச்சரிக்கை விளக்கே இருக்கவில்லை. யாரோ ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் காரில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. எஞ்சினுக்குள் எண்ணெய் போதிய அழுத்தத்தோடு ஓடவில்லை என்றால் எரிகிற விளக்கு அது. ஒரு கணம் எரியும், அணைந்துவிடும். நேர் ரோட்டில் ஒழுங்காக இருக்கும். உவர்மலையிலிருந்து இறங்கி இடப்பக்கம் திரும்பினால் எரியும். வலப்பக்கம் திரும்பினால் எரியாது. வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் சாதுவாக இருக்கும்.

என் மனைவியின் தம்பி பக்கத்துத் தெருவில் இருந்தவர், பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர். பின்னேரம் வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அத்தான், அந்த பல்பைக் கழட்டி விடுங்கோ. பிறகு எரியாதுதானே."

"உம்மட வீட்டில நெருப்புப் பிடிச்சால் புகையை விசிறிக் கலைச்சுப்போட்டுப் படுப்பீரோ?"

"என்னத்துக்குக் கோவிக்கிறியள்? நான் சொல்லுறன், இந்தக் காருக்கு ஒண்டும் நடக்காது."

"எதை வைச்சுச் சொல்லுறீர்?"

"நடக்காதெண்டால் நடக்காது. பயப்பிடாமல் ஓட்டுங்கோ."

காரின் முன்மூடியான பொனற்றை ஒருநாளும் திறந்து பார்த்தறியாதவர் (அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்) இவ்வளவு உறுதியாகப் பேசியது எனக்கு எரிச்சலை மூட்டியது. அந்த உறுதிக்கு ஒரு காரணம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் முறைப்படி போகிறவன். ஊகத்தில் திருகாணியைத் தொடுவது என் வழக்கமல்ல. முதலில் எண்ணெயின் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடுத்து, உள்துறைமுக வீதிப் பக்கம் கராஜ் வைத்திருந்த, கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். தொழில் நன்றாகத் தெரிந்தவர், அதிகம் கதைக்காதவர். எஞ்சினின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு சுவிச்சு இருக்கிறது. அழுத்தம் விழுந்தால் அது விளக்கை எரியவைக்கும். மேலேயிருந்து பார்த்தால் அது தெரியாது, கராஜ் தரையில் காருக்கு அடியில் வெட்டிய குழிக்குள் இறங்கித்தான் வேலை செய்யவேண்டும். நானா குழிக்குள், நான் மேலே. வித்தியாசமாக ஏதும் கிடக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார்.

சுவிச்சிலிருந்து வயரைக் கழற்றி, நுனியில் ஒட்டுநாடா சுற்றி, தள்ளிக் கட்டச் சொன்னேன். அப்படியே ஓட்டிப் பார்த்தேன். எந்தத் திருப்பத்திலும் விளக்கு எரியவில்லை. வயர் எங்காவது உரசி இரும்பைத் தொட்டிருந்தால் அப்போதும் எரிந்திருக்கும்; ஆகவே வயரில் பிழையில்லை. மிஞ்சியது சுவிச்சு. உடைந்துபோன ஒரு காரிலிருந்து இன்னொரு சுவிச்சைத் தேடி எடுத்துப் பூட்டச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் திரும்பினேன். எரிந்தது.

வயர் சரி, சுவிச்சு சரி என்றால் விளக்கு உண்மை சொல்கிறது என்றுதான் அர்த்தம். இடப்பக்கம் திரும்பும்போது எஞ்சினின் அடித்தட்டில் கிடக்கும் எண்ணெய் வலப்பக்கம் சரிகிறது, அதை உறிஞ்சும் குழாயில் எங்கோ வெடிப்பு, எண்ணெய்க்குப் பதில் காற்று போகிறது. எல்லாம் பொருந்தியது. கண்டியிலிருந்து திரும்பும் வழியில், ஹபரணைக் காட்டுக்குள், கண்ணைக் கட்டிய மனைவி பின் இருக்கையில் படுத்திருக்க எஞ்சின் இறுகி நிற்பதை நான் மனதில் பார்த்தேன். யானைகளையும் பார்த்தேன்.

அன்று வீட்டில், கார் கண்டிக்குப் போகாது என்றேன். மனைவி குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள். மைத்துனர் மட்டும் சிரித்தார்.

"அத்தானுக்கு எல்லாத்திலும் சந்தேகம்."

அந்தச் சிரிப்புக்காக நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடித்தட்டைக் கழற்றுவதென்றால் எஞ்சினைத் தூக்கவேண்டும், உள்ளே எது உடைந்திருந்தாலும் புதிது கிடையாது. ஆனபடியால் அதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை செய்யலாம் என்று முடிவெடுத்தேன். அழுத்தத்தை முள்ளால் காட்டும் மீற்றர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு நானாவிடம் போனேன். சுவிச்சோடு சேர்த்து அதையும் பூட்டினால் விளக்கு எரியும் கணத்தில் முள் விழுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நானா குழிக்குள் இறங்கினார். பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"ஐயா, இந்த மீற்றரப் பூட்டுறதெண்டா ஒங்கட தகட்ட எடுக்கணும். நான் அவுக்க மாட்டன். நீங்களே எறங்கி அவுத்துத் தாங்க."

"என்ன தகடு?"

"ஒங்கட தகடுதான் ஐயா. சுவிச்சுக்குப் பக்கத்தில தொங்குதே."

அலுவலகத்துக்குப் போகிற வெள்ளைக் காற்சட்டையோடு குழிக்குள் இறங்கினேன். உள்ளங்கை அளவில் ஒரு செப்புத் தகடு. கட்டம் போட்டு மந்திர எழுத்து வெட்டியிருந்தது. கறுப்பு நூலில், சுவிச்சுக்கு ஒரு விரல் தள்ளி, ஊஞ்சல் மாதிரித் தொங்கியது. ஒரு விளிம்பு மட்டும் உரசி உரசி மினுங்கியது.

"இது எவ்வளவு நாளா இஞ்ச கிடக்குது?"

"மொத நாளே இருந்திச்சு. வயரக் கழத்தக்குள்ள ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சன். வேல முடிஞ்சாப் பொறகு இருந்த மாதிரியே விட்டன். சுவிச்சு மாத்தக்குள்ளயும் அப்படித்தான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? வித்தியாசமா ஏதும் கிடக்கோ எண்டு நான் கேட்டனான்தானே!"

"இதில என்ன வித்தியாசம் இரிக்கு? ஒங்கட சாமிச் சாமான். நீங்க கட்டினதெண்டு நெனச்சன். எங்கட ஆக்கள்ர காரிலயும் இப்படி எதாச்சும் இரிக்கும். அதுகள நாங்க தொடுறதுமில்ல, கேக்கிறதுமில்ல."

அவ்வளவுதான். அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் பிழையை மரியாதையோடு ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு பழைய இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார். கார் இடப்பக்கம் திரும்பத் தகடு வலப்பக்கம் ஆடி, சுவிச்சின் முனையையும் எஞ்சின் இரும்பையும் ஒன்றாகத் தொட்டிருக்கிறது. அழுத்தம் விழும்போது சுவிச்சு செய்கிற வேலையும் அதுதான், முனையை இரும்போடு சேர்ப்பது; தொட்டால் விளக்கு எரியும். அந்த முனைக்கு ஒரு ரப்பர் மூடி இருக்கவேண்டும். அது எப்போதோ உக்கி விழுந்துவிட்டது, வேறு கிடைக்கவில்லை. வயரைக் கழற்றித் தள்ளிக் கட்டியபோது தகடு தொடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. என் சோதனைகள் அத்தனையும் சரியானவை. அத்தனையும் என்னைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோயின.

தகட்டை அவிழ்த்தேன். மீற்றரைப் பூட்டி ஊருக்குள் கிடைத்த இடத் திருப்பம் எல்லாவற்றிலும் திரும்பினேன். முள் அசையவில்லை, விளக்கு எரியவில்லை. எஞ்சின் கல்லுப்போல இருந்தது.

வீட்டுக்குப் போனபோது மைத்துனர் அதே கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தகட்டை அவர் முன்னால் போட்டேன்.

"ஐயோ அத்தான், கழட்டிப்போட்டியளே!"

"எப்ப கட்டினனீர்?"

"ஆஸ்பத்திரியில நாள் கிடைச்ச கிழமை. நீங்கள் கந்தோரில வேலையா நிண்ட நேரம், வீட்டில நிண்ட காருக்குக் கீழ ஊர்ந்துபோய்க் கட்டினனான். சல்லிக் கிராமத்துப் பக்கம் மந்திரக்காரர் ஒருத்தர் எழுதித் தந்தவர். கார்ச் சொந்தக்காரருக்குச் சொல்லக் கூடாதாம், சொன்னால் பலிக்காதாம்."

"வயர் ஓடுற இடத்தில செம்பைத் தொங்கவிட்டிருக்கிறீர்! நீர் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறீரோ, பேய் விரட்டப் படிப்பிக்கிறீரோ?"

"அக்கான்ர கண்ணுக்காக, கார் பத்திரமாப் போய்ச்சேரக் கட்டினனான். எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

அவருடைய குரல் உடைந்தது. அது என் கோபத்தைக் குறைக்கவில்லை. நியாயமாகக் கோபிக்கிறவனுக்கு எதிராளி அழுவது பெரிய தொல்லை. அதற்குள் மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அவனை ஏசாதேங்கோ. என்னைக் கேட்டுத்தான் கட்டினவன்."

"உமக்கும் தெரியுமோ?"

"ஓம். அது இல்லாத காரில நான் ஏறமாட்டன்."

"அதாலதானே இவ்வளவு நாளும் கார் போகாதெண்டு கிடந்தது!"

"அதுதான் இப்ப கண்டுபிடிச்சிட்டியளே. தள்ளி வேற இடத்தில கட்டுங்கோ."

மங்கிய கண்ணால் அவள் என்னைப் பார்த்தாள். வாதத்தில் வெல்லலாம், கண்டிக்குக் கொடுத்த நாள் போய்விடும். சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டித் தகட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, வயர் எதுவும் எட்டாத முன்பக்கத்தில், ஆடாதபடி இறுக்கி என் கையாலேயே கட்டினேன். மின்சார விதிப்படி முழுதாகக் காப்பிடப்பட்ட மந்திரத் தகடு இந்தத் தீவில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கண்டிவரை விளக்கு எரியவில்லை. கூட வந்த மைத்துனர் பின்னாலிருந்து, "பாத்தியளே அத்தான், இடம் மாத்தினது நல்லதாப் போச்சு" என்றார். நான் சொல்ல நினைத்தவற்றை இங்கே எழுத முடியாது.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது, கண் தப்பும் என்றார்கள். திரும்பும்போது, நல்ல கண் அசைந்தால் மற்றதும் அசையுமென்று இரண்டு கண்ணையும் கட்டிவிட்டிருந்தார்கள்; அவள் பின்னால் படுத்திருந்தாள். குழி வரும்போதெல்லாம் தலை அசையாமல் தம்பியார் தன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தார். கை விறைத்திருக்கும். ஹபரணை தாண்டிக் காட்டுக்குள் ஒரு இடத் திருப்பம் வந்தது.

"இஞ்சேருங்கோ, லைற் எரியுதோ?"

"இல்லை."

"மறைக்காமல் சொல்லுங்கோ."

"லைற் உங்கட ஆக்கள் மாதிரி இல்லை. ஏதும் இருந்தால் வாயைத் திறந்து சொல்லும்."

அவள் சிரித்தாள்.

"அத்தான்!" என்று கத்தினார் மைத்துனர். "அக்காவைச் சிரிக்க வைக்காதேங்கோ, தலை ஆடுது. பேசாமல் ஓட்டுங்கோ."

பேசாமல் ஓட்டினேன். கந்தளாய்க் குளக்கட்டு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு, எரியாத விளக்கைப் பார்த்தபடி.