பொருட்காட்சி மைக்கில் என் நிறம்

கோவைப் பொருட்காட்சியில் நான் தொலைந்துபோனது மொத்தம் முக்கால் மணி நேரம். அதில் கால் மணி நேரம்தான் என்னைத் தேடினார்கள். மிச்ச நேரமெல்லாம் நான் என்ன நிறம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு ஏழு வயது. சோமனூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தோம். அப்பாவுக்குத் தறி ஓடியதால் துணைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கறுப்புச் சட்டை தவிர வேறு போடாதவர். ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தபடி நடந்ததில் அம்மாவின் கையை விட்டுவிட்டேன். டெல்லி அப்பளம் பொரிக்கிற ஒரு அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் ஓர் அப்பளத்தையும் கொடுத்தார். மைக்கில் சொன்னதும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

மைக்கிலும் சொன்னார்கள். ஏழு வயதுப் பெண் குழந்தை, ரோஸ் கவுன், இரட்டைச் சடை, மாநிறம். அன்றைக்கு அந்த மைதானத்தில் பாதிப் பெண் குழந்தைகள் ரோஸ் கவுனில்தான் திரிந்தார்கள். பெயரைச் சொல்லவில்லை. பெண்பிள்ளை பெயரை ஊரறியக் கூவக் கூடாதென்று அம்மா தடுத்துவிட்டாளாம்.

அப்பளக்கார அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாநெறமாமா. அப்ப அது நீயில்ல கண்ணு. உன்ற அம்மா இன்னும் சொல்லோணும், இரு."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வீட்டில் என்னைக் கொஞ்சுவதே 'கருப்பி' என்றுதான். யாரோ ஒரு மாநிறப் பெண் தொலைந்துவிட்டாளே, பாவம் என்று நினைத்துக்கொண்டு அப்பளத்தைக் கடித்தேன்.

இரண்டாவது அறிவிப்பு பாதியில் நின்றது. ஒலிபெருக்கியில் மாமாவின் குரல் வந்தது.

"கருப்புன்னு சொல்லச் சொல்லுக்கா. எதுக்கு வெக்கப்படறே? உழைக்கிற சனத்தோட நெறம் அது. மாநெறம்கறதே அடிமைப் புத்தி!"

"நீ கம்முனு இருடா. ஏனுங்க, மாநெறம்னே சொல்லுங்க. நாளைக்கு ஒருத்தரு ஊட்டுக்குப் போற புள்ளைங்க. வெயில்ல ஆடி இப்படி ஆகிப்போச்சு, அவ்வளவுதானுங்க."

"அக்கா, நீ பேசறது ஆதிக்கத்தோட பேச்சு!"

"ஏனுங்க, மைக்கு ஆன்ல இருக்குதுங்க" என்று மூன்றாவது குரல் கெஞ்சியது.

மைதானமே சிரித்தது. பஜ்ஜிக் கடையில் கரண்டி நின்றது. "நீதானா கண்ணு?" என்று அந்த அக்கா கேட்டபோது, இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வழிநெடுக ஜனங்கள் ஒதுங்கி நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். "கருப்புதான்" என்று யாரோ தீர்ப்புச் சொன்னார்கள். காணாமல்போன குழந்தை கிடைத்ததில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. மாமாகூட என்னைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டி, "நான் சொல்லல?" என்றார். பயந்தாயா, பசிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அவர் கையைக் கடித்துவைத்தேன். அதற்கு அம்மா என்னை அடித்தாள்.

அடுத்த வருடம் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். கிணத்துக்கடவிலிருந்து ஒரு போட்டோ வந்தது. டீச்சர் வேலை பார்க்கிற பெண், என் நிறம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய், யார் கேட்டும் கொடுக்காமல் போட்டோவை வைத்துக்கொண்டிருந்தேன். மாமா ஒரு தடவை பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை அவர்களுக்குள் சண்டையே வரவில்லை.

"ஜாதகம் சேரலைன்னு சொல்லிப்போடலாமாடா?" என்றாள் அம்மா.

ஜாதகமே பித்தலாட்டம் என்று தெருமுனைக் கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசுகிற மாமா, "சொல்லிப்போடுக்கா" என்றார்.

மாமாவுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.