படகோட்டியின் பதிலை நான் எழுதிவிட்டேன்

என் அக்கா பெண் கே.கே. நகரில் இருக்கிறாள். ஒரு மத்தியானம் மந்தைவெளிக்கு வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சித்தி, நீ இப்படியே சித்தப்பா மூஞ்சியைப் பார்த்துண்டு உட்கார்ந்திருந்தா உனக்கும் ஏதாவது வந்துடும். நாங்க ஒரு விளையாட்டு ஆடறோம். எல்லாம் எழுத்துலதான். நீயும் வா" என்றாள். ஐம்பத்தேழு வயதில் எனக்கு விளையாட்டு! "போடி, வேற வேலை இல்லை" என்று துரத்திவிட்டேன். ஆனால் அவள் செல்போனில் அனுப்பிய அறிமுகப் பக்கத்தை அன்று சாயங்காலமே படித்தேன். எதையும் படிக்காமல் விட எனக்குத் தெரியாது.

சின்னக் குழு, எட்டே பேர். செல்போனில் ஓர் அரட்டைக் குழு வைத்துக்கொண்டு, தமிழில், ஒரு மாய ராஜ்யத்தை எழுதி எழுதியே நடத்துகிறார்கள். படமும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் ராஜ்யத்தைப் பார்த்துக்கொள்கிறார். மழை பெய்வது, பூதம் வருவது எல்லாம் அவர் கையில். அவரைக் கதைசொல்லி என்கிறார்கள். இந்த விளையாட்டு யாருக்கு ஒத்துவரும், யாருக்கு வராது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார்கள். வேகம் வேண்டுமென்றால் வராதீர்கள், ஒருவர் பதில் எழுத இரண்டு நாள்கூட ஆகும். உங்கள் பாத்திரத்தை மட்டும் எழுதுங்கள். அடுத்தவர் என்ன சொன்னார், என்ன நினைத்தார் என்பதை அவரே எழுதட்டும். இரண்டு வாரம் இருந்து பார்த்துவிட்டு, இருப்பதா போவதா என்று ஒரு வரி சொல்லுங்கள்.

இரண்டு நாளா? இரண்டு நாளில் நான் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்துவிடுவேன். அப்படியும் சேர்ந்தேன். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து மூச்சு முட்டிப்போயிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் பெரும்பாலும் திரும்பிவிட்டன. பேச்சு திரும்பவில்லை. புத்தி தெளிவாக இருக்கிறது, நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, சொல் மட்டும் வரமாட்டேன் என்கிறது. தண்ணீர் கேட்க வாயைக் கூட்டுவார். நெற்றி நரம்பு புடைக்கும், கண் கலங்கும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது. "தீர்த்தமா? இந்தாங்கோ" என்று நானே சொல்லிவிடுவேன். அவரும் விட்டது தொல்லை என்று வாயை மூடிக்கொள்வார். வாரத்துக்கு வாரம் அவர் வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அடியோடு நின்றுபோய்விடுமோ என்று எனக்குப் பயம்.

வாரம் இரண்டு தடவை அடையாறில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போவேன். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சிரித்த முகம். ஆனால் என்னிடம் மட்டும் கறார். "அம்மா, நான் சாரைக் கேட்டேன். நீங்க சொல்லாதீங்க. நீங்களே சொல்லிட்டா அவர் எதுக்குக் கஷ்டப்படணும்? சும்மா இருக்கறதுதான் உங்களுக்கு நான் கொடுக்கிற வீட்டுப்பாடம்." சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம். ஆட்டோக்காரர் அவரைப் பார்த்து, "இன்னா சார், எங்க போவணும்?" என்றார். "மந்தைவெளி" என்றேன் நான். ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாரைத்தாம்மா கேட்டேன். அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நீ பூந்துக்கினியே." எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் என் வாய்தானா கண்ணை உறுத்துகிறது? அடையாறு பாலம் தாண்டும் வரைக்கும் ஆட்டோக்காரர் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டில் நான் ஒரு மூலிகைக்காரி. கூடை நிறைய வேர்களோடு ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறேன். நடுவில் ஒரு தீவு. அங்கே காய்ச்சலில் கிடக்கும் ராணிக்கு நான் மருந்து கொண்டுபோக வேண்டும். படகு ஒன்றுதான். படகோட்டியாக எழுதுபவர் யார், ஆணா பெண்ணா, எதுவும் எனக்குத் தெரியாது. "அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவாயா?" என்று எழுதினேன். பதில் இல்லை. குக்கர் வைத்துவிட்டுப் பார்த்தேன், இல்லை. கீரைக்காரி போனதும் பார்த்தேன், இல்லை. நான் எழுதியது தப்பா? கிழவி எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்கிறார்களா? ஒன்றரை நாள் ஆகியும் பதில் வராமல் போகவே நானே எழுதிவிட்டேன்: 'படகோட்டி தலையை ஆட்டி, சரி ஏறிக்கொள் என்று சொல்லித் துடுப்பை எடுத்தான். நாங்கள் அக்கரை சேர்ந்தோம்.'

கால் மணி நேரத்தில் கதைசொல்லி தனியாகச் செய்தி அனுப்பினார். "அம்மா, நல்லா எழுதறீங்க. ஆனா படகோட்டியோட பதிலை நீங்களே எழுதிட்டீங்க. அவர் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கார். அந்த வரியெல்லாம் எடுத்துடறீங்களா?"

மூஞ்சியில் அடித்தமாதிரி இருந்தது. படகோட்டி வேறு என்ன சொல்லப்போகிறான்? படகு ஓட்டுவதுதானே அவன் பிழைப்பு? ராணி சாகக் கிடக்கிறாள், இவனுக்கு என்ன யோசனை? இதையெல்லாம் அடுக்களையில் பாத்திரங்களிடம் சொல்லித் தீர்த்துவிட்டு, வரிகளை அழித்தேன்.

மறுநாள் மத்தியானம் படகோட்டி பதில் எழுதினான். 'ஏற்ற மாட்டேன். போனமாதம் இப்படித்தான் ஒருத்தி மருந்து என்று சொல்லிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகுதான் ராணி படுத்தாள். கூடையை இறக்கு. ஒவ்வொரு வேரையும் என் எதிரில் நீயே கடித்துத் தின்று காட்டு.'

அடப்பாவி, என்னையா சந்தேகப்படுகிறாய் என்று பொங்கிக்கொண்டு வந்தது. மறுபடி படித்தேன். அவன் இப்படிச் சொல்வான் என்று எனக்கு எந்த ஜன்மத்திலும் தோன்றியிருக்காது. படிக்கப் படிக்க ஏனோ சந்தோஷமாக இல்லை, பயம்தான் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தர் மனதில் இருப்பதை நான் இவ்வளவு தப்பாக எழுதிவிட்டேனே, வீட்டில் நான் எதையெல்லாம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தள்ளிவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

இரண்டு வாரம் முடிகிற அன்று சனிக்கிழமை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். 'எனக்கு ஒத்துவராது, பொறுமை இல்லை, மன்னிக்கவும்' என்று தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அனுப்பப்போகும் நேரத்தில் தி. நகரிலிருந்து என் கணவரின் அண்ணா போன் செய்தார். சனிக்கிழமை தோறும் கூப்பிடுவார். "எப்படி இருக்கான்?" என்று என்னைத்தான் கேட்பார், நான் சொல்வேன், அவர் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார். அன்று எனக்கு என்ன தோன்றியதோ, "நீங்களே அவர்கிட்ட கேளுங்கோ" என்று ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"என்னடா, எப்படி இருக்கே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல எடுத்துக் கொடுப்பேன் என்று பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். நெற்றி நரம்பு புடைத்தது. "ஹலோ? லைன்ல இருக்கியா?" என்றார் அண்ணா. நன்னா இருக்கார் என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று தொண்டை வரை வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"ப... பயமா..." என்றது அவர் குரல். "பயமா இருக்கு, அண்ணா."

எட்டு மாதமாக யார் கேட்டாலும், அவருக்கென்ன, ராஜா மாதிரி தைரியமா இருக்கார் என்று அவர் எதிரிலேயே சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கோயிலில், மருந்துக்கடையில், மாடிப்படியில். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

அவர் இன்னும் முடிக்கவில்லை. மறுபடி உதட்டைக் கூட்டினார். "இவகிட்ட... சொல்ல... முடியலை."

அண்ணா உடனே, "நாளைக்கு வரேண்டா, கார்த்தாலயே வந்துடறேன்" என்று வைத்துவிட்டார். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, செல்போனில் எழுதிவைத்திருந்ததை அழித்துவிட்டு, 'இந்த விளையாட்டு எனக்குப் பொருந்துமா தெரியவில்லை, ஆனாலும் இருக்கிறேன்' என்று கதைசொல்லிக்கு அனுப்பினேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏன்னா, என்ன பயம்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.