பாட்டு முடிந்தும் உட்காராத சபை

போன மாதம் ஒரு ஞாயிறு. பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் சர்ச்சில் பாட்டு முடிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் உட்காரவில்லை!

பாட்டு வரிகளை டிவியில் காட்டுவது என் வேலை. தூணுக்குப் பின்னால் லேப்டாப். நாலு பேர் முகத்தைப் பார்க்கவே கூசுகிற எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? நான் டைப் அடிக்கும் பாட்டை, மகள் ஜெனிஷா எழுதிய ப்ரோக்ராம், பொத்தானைத் தட்டத் தட்ட வரிக்கு ஒரு திரையாகக் காட்டும்.

அன்று கடைசி வரிக்குப் பிறகு வெறும் திரை. தட்டினேன். இன்னொரு வெறும் திரை... அடுத்த வரி வருமென்று சபையே அண்ணாந்து நிற்கிறது.

சபைச் செயலாளர் தூணருகே வந்தார்.

"ஓய், பாட்டு தீந்துதா, இல்லியா? சனங்க நிக்கணுமா, இருக்கணுமா? அடுத்த வாரமும் இப்பிடின்னா வேற ஆளப் போட்டிருவேன், பாத்துக்கிடும்."

தூண் போய்விடுமோ? வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை மகளிடம் நீட்டினேன்.

ஜெனிஷா நான் டைப் செய்ததைப் பார்த்தாள். "அப்பா, பாட்டு முடிஞ்ச பொறவு எதுக்கு எண்டரத் தட்டித் தட்டி விட்டிருக்கிய?"

"சும்மாதாம் மக்ளே... கொஞ்சம் இடம் விட்டேன். அங்கதான் ஒண்ணும் இல்லியே?"

"ஒங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல. மெசினுக்கு அதும் ஒரு வரிதான்."

எழுத்தே இல்லாத வரியா? ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இது எப்படிப் புரியும்? ஆனால், 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டு வாசலில் வெகுநேரம் நிற்கும் விருந்தாளிகளை எனக்குத் தெரியும். அந்த மாதிரி போலிருக்கிறது.

"வால மட்டும் வெட்டுதேன். நடுவுல உள்ளது கெடக்கட்டும்" என்று ப்ரோக்ராமில் ஒரு வரி சேர்த்தாள். எத்தனை எண்டர் தட்டினாலும் கடைசியில் இருக்கும் வெறும் வரிகள் தானே உதிர்ந்துவிடுமாம்.

அடுத்த ஞாயிறு. கடைசி வரி வந்தது. பாடினார்கள். தட்டினேன். நகரவில்லை — பின்னால்தான் ஒன்றுமே இல்லையே! வரி அப்படியே நின்றது. சபை அதையே திரும்பப் பாடியது. ஆர்கன்காரர் வாசிக்கிறார் என்று சனங்கள் பாட, சனங்கள் பாடுகிறார்கள் என்று அவர் வாசிக்க... பாட்டு நிற்கவே இல்லை. கடைசியில் போதகர்தான் 'ஆமென்' சொல்லி நிறுத்தினார்.

செயலாளர் நேராக என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஓய், இன்னைக்குள்ள பாட்டு நல்ல உருக்கம். இனி இப்பிடியே போடும்."

வீட்டில் ஜெனிஷா கேட்டாள்: "அப்பா, கடைசி வரி போகாம நிக்கது தப்புல்லா... சரி பண்ணட்டா?"

இப்போது சொல்லுங்கள்... செயலாளரே அழுத பாட்டை நான் எப்படித் தப்பு என்பேன்?