ஆனையூரில் ஓடாமல் போன டிஸ்க்

போன வாரம் கைபேசியில் ஏதோ வெளிநாட்டுப் படத்தைத் தட்டினேன். 'இது உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று வந்தது. என் பகுதி மதுரை ஆனையூர். ஆனையூர்க்காரன் பார்த்துவிட்டால் அந்தப் படத்துக்கு என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. கோபம் வருவதற்குள் ஜெயராஜ் ஞாபகம் வந்து, சிரித்துவிட்டேன்.

ஜெயராஜ் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவன் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். கல்யாணமான சூட்டோடு அவன் மனைவி ஸ்டெல்லா நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய்விட்டாள். பாவம், இரண்டு பேருக்கும் பேசிப் பழகவே நேரம் வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். அங்க குளிரா?"

"ஆமா."

அவ்வளவுதான். அப்புறம் இந்தப் பக்கம் ஒருத்தன் தொண்டையைச் செருமுவான், அந்தப் பக்கமும் செருமல்.

ஸ்டெல்லாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அங்கே ஒரே படத்தில் இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை இங்கே அனுப்புவாள். ஞாயிறு மத்தியானம் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரே சமயத்தில் ஓடவிடுவார்கள். படம் முடிந்தால் அதைப் பற்றிப் பேச்சு, அதிலிருந்து எங்கெங்கோ போகும் பேச்சு. புருஷன் பெண்டாட்டி ஆனதே அப்படித்தான்.

ஆனால் அந்த ஊர் டிஸ்க் நம் ஊர் பிளேயர் பெட்டியில் ஓடாது. உலகத்தைக் கூறுபோட்டு, அந்தந்தப் பகுதி டிஸ்க் அந்தந்தப் பகுதியில்தான் ஓடவேண்டும் என்று கம்பெனிகள் பூட்டு வைத்திருந்த காலம் அது. ஜெயராஜுக்குப் புதுப் பெட்டி விற்ற டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரரே அந்தப் பூட்டைத் திறந்து கொடுத்தார். டிரேயை வெளியே தள்ளி, ரிமோட்டில் ஏதோ நம்பர்களை அழுத்தினார். "இனி எந்த ஊரு டிஸ்க்கும் ஓடும்ணே. உள்ள எதையும் நோண்டிராதீங்க, அம்புட்டுதான்."

தெர்மாகோல் வாசனை வந்தால் எனக்கு இன்றும் பசிக்கும். அந்தப் பெட்டியைப் பிரித்த அன்று ஜெயராஜ் மட்டன் பிரியாணி வாங்கிக்கொடுத்தான். படம் பார்க்கவும் கூப்பிடுவான். எனக்கு அந்த இங்கிலீஷ் சுத்தமாகப் புரியாது. அவன் சிரித்தால் நானும் சிரிப்பேன். பிறகுதான் தெரிந்தது, அவனும் போனில் ஸ்டெல்லா சிரிப்பதைக் கேட்டுத்தான் சிரித்திருக்கிறான்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, அந்த மகானுபாவன் பெட்டியோடு வந்த கையேட்டைப் படித்துத் தொலைத்தான். சாப்ட்வேரை அவ்வப்போது புதுப்பிக்கவும் என்று அதில் போட்டிருந்தது. சர்க்குலர் வந்தால் அமல்படுத்தியே பழகியவன் ஆயிற்றே, சும்மா இருப்பானா? பிரவுசிங் சென்டருக்குப் போய் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பாதியில் கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும் என்றும் போட்டிருந்தது. மின்வெட்டு தலைவிரித்தாடிய காலம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பது மதுரையில் சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். கரண்ட் வந்த கையோடு ஆரம்பித்தான். ஃபியூஸ் போய்விடும் என்று ஃபேன், பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்தான். மாடியில் என் ஃபேனையும் நிறுத்தச் சொன்னான். வேர்த்து ஊற்ற, அவன் ஜெபம் சொல்ல, நானும் கும்பிட்டுவைத்தேன். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புது டிஸ்க்கைப் போட்டான். இந்தப் பகுதிக்கு உரியதல்ல என்று திரையில் வந்தது. புதுப்பித்ததில் பழைய பூட்டு திரும்பி வந்துவிட்டது. அடித்துப் பிடித்துக் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைக்காரர் நம்பரை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "கம்பெனிக்காரன் அந்த வழிய அடைச்சுட்டான்ணே. இப்ப வர்ற பெட்டியிலயும் இதே கததான்."

ஜெயராஜ் முகத்தில் ஈயாடவில்லை. "படம் போனாப் போகுது மாப்ள. இனி அவகிட்ட என்னத்தப் பேசுறது?" என்றான். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது.

போன் வந்தது. விஷயத்தைச் சொன்னான். ஸ்டெல்லா, "சரி, நான் இங்க போட்டுப் பாத்துச் சொல்றேன், கேளுங்க" என்றிருக்கிறாள். வேலைக்காக ஊரைவிட்டுப் போன ஒரு பெண்ணின் கதை. "அப்பறம்?" என்று இவன் கேட்கக் கேட்க, அந்தக் கதை பல ஞாயிற்றுக்கிழமைகள் ஓடியது. போனை வைத்ததும் மாடிப்படி ஏறிவந்து எனக்குச் சொல்வான். கடைசியில் அந்தப் பெண் புருஷனிடமே திரும்பி வந்து இறங்குகிறாள் என்று சொன்னபோது அழுதுவிட்டான்.

ஸ்டெல்லா ஊரோடு வந்து பல வருஷம் ஆகிறது. இந்த ஞாயிறு அவர்கள் வீட்டில் சாப்பாடு. ஜெயராஜ் தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். "அது என்ன தங்கச்சி அம்புட்டு நீளப் படம்?" என்று கேட்டேன். அவள் வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"சின்னப் படந்தாண்ணே. அவுக 'அப்பறம் அப்பறம்'னு கேட்டுக்கிட்டே இருந்தாக, நானும் இழுத்துட்டேன்."

"முடிவு நல்லா இருந்துச்சே?"

"படத்துல அவ திரும்பி வரலண்ணே. நாந்தான் வர வச்சேன்."

ஜெயராஜ் தயிரோடு வந்துவிட்டான், பேச்சு மாறிவிட்டது. டவுன்ஹால் ரோட்டுக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பெட்டி பழைய இரும்புக்குப் போயாயிற்று. அந்த டிஸ்க்கை மட்டும் ஜெயராஜ் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறான், என்றாவது ஒரு நாள் பார்க்கவேண்டுமாம். போட்டுப் பார்க்க எங்கள் தெருவில் யார் வீட்டிலும் பெட்டி இல்லை. எனக்கு அதில் பரம சந்தோஷம்.